மூன்று தப்பு போதும்

"மூணு தப்பு போதும்மா" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்த கையோடு சொன்னார். என் முன்னால் மேஜையில் ஒரு வெள்ளைத் தாள், மைக்கூடு, புது நிப்பு போட்ட பேனா. சமையலறையிலிருந்து கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

"மூணு எதுக்கு? ரெண்டு போதும்" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "ரெண்டுன்னா ஏதோ அவசரத்துல எழுதிட்டான்னு விட்டுடுவாங்க."

"அஞ்சு போடச் சொல்லுங்கண்ணா" என்றாள் நேசம்மா அத்தை. அப்பாவின் தங்கை, இந்த வரனைக் கொண்டுவந்தவள். "மாப்பிள்ளை ரெண்டு தடவை பெயிலானவரு. அவரு கண்ணுக்குத் தட்டுப்படற மாதிரி நாலஞ்சாவது இருக்க வேணாமா?"

"சும்மாயிரு நேசம்" என்றார் அப்பா. "அஞ்சு போட்டா படிக்காத பொண்ணுன்னு ஆயிடும்."

நடுவில் ஒரு மீன் கூடை இருந்திருந்தால் பேரம் என்றே நினைத்திருப்பீர்கள். பேசிக்கொண்டிருந்தது என் இங்கிலீஷைப் பற்றி. நஞ்சன்கூட்டு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் சொந்தக் கையெழுத்தில் ஒரு பக்க இங்கிலீஷ் லெட்டர் கேட்டிருந்தார்கள். அதில் நான் வேண்டுமென்றே எத்தனை தப்பு செய்ய வேண்டும் என்பதுதான் அன்றைய விவாதம்.

கடைசியில் மூன்றுக்கே முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

லெட்டர் கேட்கிற பழக்கம்

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது விளங்காது. முப்பதுகளில், மகாராஜா காலத்து மைசூரில், ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. பெண் பாடுவாளா என்று கேட்டது போக, சமைப்பாளா என்று கேட்டது போக, "இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்பார்கள். அதை மாப்பிள்ளையின் அப்பா படிப்பார், சித்தப்பா படிப்பார், அவருடைய ஆபீஸ் ஹெட்கிளார்க்கும் படிப்பார். மாப்பிள்ளை படித்தாரா என்பது தெரியாது.

போன வாரம் கிணற்றில் விழுந்த குடையின் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு இந்த வாய்த்துடுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டிருக்கிறார். பிறந்தபோதே வந்தது, அம்மணி. அதனால் பட்டதைத்தான் இந்த வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஹைஸ்கூல் கடைசிப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற பாடங்கள் எல்லாம் சுமார்தான். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை இன்றுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. இங்கிலீஷ் இலக்கணம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஒரு வாக்கியம் சரியில்லை என்றால் எனக்குக் காலில் முள் குத்தியதுபோல இருக்கும். எடுத்துப் போடாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

மதிலுக்கு அந்தப் பக்கம்

இதை முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு சுப்பராயர். தபாலாபீஸ் குமாஸ்தா. கன்னடக்காரர், எங்களோடு தமிழ் பேசுவார், பாதி கன்னடமாக இருக்கும். சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் மதில்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்வார்.

"ஞானம்மா, ஒந்து டவுட்."

ஒந்து என்றால் ஒன்று. ஆனால் அது ஒன்றோடு நின்ற நாள் கிடையாது.

"நேத்து லெட்டர் எழுதினேன்னு துரைக்குச் சொல்லணும். 'ஐ ஹேவ் ரிட்டன் யெஸ்டர்டே'ன்னு போட்டேன். செவப்பு மையில சுழிச்சுட்டார். ஏன்?"

"நேத்துன்னு நாளைச் சொல்லிட்டீங்க இல்ல மாமா, அப்புறம் 'ஹேவ்' அங்க இருக்காது. 'ஐ ரோட் யெஸ்டர்டே.' நாளைச் சொல்லாம விட்டா 'ஹேவ் ரிட்டன்' இருக்கலாம்."

"அப்ப போன வாரம்?"

"போன வாரமும் நாள்தானே மாமா."

"போன வருஷம்?"

"மாமா, உள்ளே எங்கம்மா கூப்பிடறாங்க."

அவர் மூலம் விஷயம் பரவியது. எங்கள் மொகல்லாவில், அதாவது எங்கள் பேட்டையில், ஆபீஸ் போகும் ஆண்களுக்கெல்லாம் அந்த மதில் தெரியும். 'டிட்' வந்தபிறகு 'வென்ட்' வரலாமா, 'கோ' வரவேண்டுமா? இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன் என்பதற்கு 'சின்ஸ்' போடுவதா, 'ஃபார்' போடுவதா? மழை வரும்போது என்பதில் 'வில்' எங்கே போயிற்று? கேட்ட கேள்விகளையும் அவர்கள் எழுதியிருந்த தப்புகளையும் ஒரு பச்சை அட்டை நோட்டில் குறித்து வைத்தேன். ஒரே கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் கேட்டால் எனக்குத்தான் தொண்டை வற்றும். நோட்டைத் திறந்து காட்டிவிடலாம் அல்லவா?

அப்பாவுக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. பிறகு கவலை வந்தது. வரன்கள் தட்டிப்போக ஆரம்பித்தன.

முதல் வரன் வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா காலை நீட்டி உட்கார்ந்து, "ஐ ஆம் ஹேவிங் டூ ஹவுசஸ்" என்றார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "ஐ ஹேவ்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சத்தியமாக, நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. காபி அப்படியே ஆறியது.

இரண்டாவது வரனுக்கு லெட்டர் கேட்டார்கள். குஷியாக நாலு பக்கம் எழுதினேன், ஒரு பிசிறு கிடையாது. "எங்க பையன் குடித்தனம் பண்ணத்தான் பொண்ணு தேடறான், பாடம் படிக்க இல்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று அப்பா மதில் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் டவுட் கேட்டு வரக்கூடாது என்று.

எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? இருந்தது. வேண்டாம் என்றார்களே என்பதைவிட, நன்றாகச் செய்ததற்காக வேண்டாம் என்றார்களே என்பதுதான் சுட்டது.

அப்பாவின் நகல்

மூன்றாவதுதான் நஞ்சன்கூடு. பையன் பெயர் ஆசீர்வாதம், ரயில் ஸ்டேஷனில் கிளார்க். மேலே போகவேண்டுமானால் டிபார்ட்மென்ட் பரீட்சையில் இங்கிலீஷ் பாஸ் செய்ய வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பெயில்.

"இதையும் கெடுத்துடாதே" என்றாள் அம்மா. "அந்தப் பிள்ளை ஏற்கெனவே நொந்து போயிருக்கும். நீ சுத்தமா எழுதிக் காட்டினா அவனுக்கு எப்படி இருக்கும்?"

அதனால்தான் மூன்று தப்பு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். தசராவைப் பற்றி எழுதினேன். யானையும் குதிரையும் தீவட்டியும் தானாக வந்துவிட்டன, தப்பு மட்டும் வரவில்லை. தப்பாக எழுதப் போனால் கை நின்றுவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு வெட்கத்தை விட்டுப் பச்சை நோட்டை எடுத்தேன். மதிலோரம் நாலு பேர் அடிக்கடி செய்யும் தப்புகளில் மூன்றைக் கடன் வாங்கினேன்.

போன வருஷம் தசரா பார்த்தேன் என்பதற்கு 'ஐ ஹேவ் ஸீன் லாஸ்ட் இயர்' என்று போட்டேன். ஒன்று. அம்மா வரவில்லை என்பதற்கு 'மை மதர் டிட் நாட் வென்ட்.' இரண்டு. நீங்கள் மைசூர் வரும்போது என்பதற்கு 'வென் யூ வில் கம்.' மூன்று. இரண்டாவதை எழுதும்போது அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கோலத்தை நீங்களே காலால் அழித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

அப்பாவிடம் கொடுத்தேன். எந்த மூன்று என்று கேட்டார், காட்டினேன்.

"சரியா எழுதினா எப்படி இருக்கும்?"

"எதுக்குப்பா?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

சொன்னேன். 'ஐ ஸா', 'டிட் நாட் கோ', 'வென் யூ கம்'. தலையை ஆட்டிக்கொண்டு, நகல் எடுக்க உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நகல் எடுக்கும் குமாஸ்தா. வந்த காகிதத்தை வந்தபடியே இன்னொரு காகிதத்தில் எழுதுவதுதான் முப்பது வருஷமாக அவருக்கு வேலை. அதிகாரி ஒரே வரியை இரண்டு முறை எழுதியிருந்தால் இவரும் இரண்டு முறை எழுதுவார். தப்பு இருந்தால் அந்தத் தப்பையும் அதே இடத்தில் வைப்பார். "நகல்னா நகல். திருத்தறதுக்கா என்னை உக்கார வச்சிருக்காங்க?" என்பார்.

அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் ஒரு நகல் இருக்கும். என் கல்யாணத்துக்கும் ஒரு ஃபைல் போட்டு, சிவப்பு நாடா கட்டி, மேலே 'ஞானம் — வரன் விஷயம்' என்று எழுதியிருந்தார். தோற்றுப்போன இரண்டு வரன்களும் அதில் வரிசையாக இருந்தன.

நகல் ஃபைலுக்குள் போயிற்று. அசல், அத்தையோடு ரயிலேறி நஞ்சன்கூட்டுக்குப் போயிற்று.

சிவப்புக் கோடுகள்

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. அதற்கடுத்து ஒரு நாள் மத்தியானம் தபாலில் ஒரு கவர். உள்ளே என் லெட்டரே திரும்பி வந்திருந்தது. மூன்று தப்பின் அடியிலும் சிவப்பு மையில் ஒவ்வொரு கோடு. தாளின் அடியில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. 'இந்த மூன்றையும் போட்டது யார் என்று நான் தெரிந்துகொள்ளலாமா?' என்று அர்த்தம்.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தைரியத்துக்கு சுப்பராயரைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

"இது விசாரணை பாஷை" என்றார். "எங்க ஆபீஸ்ல மெமோ இப்படித்தான் வரும். 'யாரு போட்டது'ன்னு முதல்ல கேப்பாங்க. அடுத்தது சஸ்பெண்டு."

"அப்படின்னா?"

"லெட்டரை உங்க பொண்ணு எழுதல, வேற யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு சந்தேகம். மோசடின்னு நெனச்சுட்டாங்க. ஆயிது, முடிஞ்சுபோச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன், அஞ்சு போடுன்னு" என்றாள். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல், மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதச் சொல்லி என்னிடம் தாளை நீட்டினார்.

நான் தாளை வாங்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் கோடு; மூன்றுக்கு மட்டுமே கோடு. அந்தப் பக்கத்தில் தடுக்கி விழக்கூடிய இடங்கள் இன்னும் ஏழெட்டு இருந்தன. ஒன்றின் அடியிலும் கோடு இல்லை. யாரோ ஒருவர் என் லெட்டரை ஒரு வார்த்தை விடாமல் படித்திருக்கிறார். அதுவரை என்னை அப்படி யாரும் படித்ததில்லை. எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அதை வீட்டில் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

தாளை வாங்கி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதிய இங்கிலீஷ் தமிழில் இப்படி வரும்:

'மூன்றையும் போட்டது நான்தான். எங்கள் வீட்டில் மூன்று போதும் என்றார்கள். மூன்றுமே தப்பு என்று தெரிந்துதான் போட்டேன். இரண்டாவதற்காக மிகவும் வெட்கப்படுகிறேன். இனி யாருக்காகவும் இப்படிச் செய்ய மாட்டேன். தப்பு செய்யும் பெண்தான் வேண்டும் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.'

எழுதி முடித்தேன். இதுவும் போனால் நாலாவது வரன் வருமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒருவர் எதிரில் அளந்து அளந்து தப்பு செய்துகொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அப்பா வாங்கிப் படித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ மைக்கூட்டைப் பக்கத்தில் இழுத்து, வரி வரியாக நகல் எடுத்து முடித்து, ஒற்றுத்தாளை அழுத்தினார்.

"நகல் எடுத்தாச்சு. அனுப்பிடலாம்" என்றார்.

அம்மா என்ன என்று கேட்டதற்கு, "மன்னிப்புதான்" என்றார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்று நல்லதாகப் போயிற்று.

ரசபாளைப் பழம்

அடுத்த சனிக்கிழமை பகல் வண்டியில் அவர்களே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, ஒரு கூடை நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம். வீடு முழுக்க அந்தப் பழ வாசனை. திட்ட வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்களா என்று அத்தை என் காதில் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

ஆசீர்வாதம் ஒல்லி, காது மட்டும் பெரிது. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அவர் எழுதிப் பழகி, ஸ்டேஷன் மாஸ்டர் திருத்திக் கொடுத்த தாள்கள். தாளுக்குத் தாள் சிவப்பு மை.

"பாருங்க சார்" என்றார். "எல்லாத் தாள்லயும் அந்த மூணும் இருக்கும். அது என் தப்புங்க. மூணு வருஷமா என்கூடவே இருக்கு. எங்க பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்."

அவர் என் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துப் பேசினார்.

"இந்த மூணையும் போடறவங்களால மத்த வரியெல்லாம் அப்படி எழுத முடியாதுங்க. நான் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன். அதான் யாரு போட்டதுன்னு கேட்டேன். வேற எதுவும் மனசுல வச்சுக் கேக்கல."

சுப்பராயர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தலையை இறக்கிக்கொண்டார்.

"இவன் பேசாம இருந்தா நல்லாருக்கும்னு வரும்போதே சொன்னேன்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பெயிலானதை ஊரெல்லாம் காட்டணுமா? கேட்டாத்தானே."

ஆசீர்வாதம் சட்டைப்பையில் கையை விட்டு இன்னொரு சீட்டை எடுத்தார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. "ஒரு பதினோரு டவுட் இருக்குங்க" என்றார். "பரீட்சை ஏப்ரல்ல."

நான் அப்பாவைப் பார்த்தேன். பெரியப்பாக்களுக்கு முன்னால் நான் வாயைத் திறந்ததால் என்ன ஆயிற்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா கத்தையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"கேக்கறாங்க இல்ல? சொல்லும்மா."

முதல் டவுட் 'சின்ஸ்', 'ஃபார்'. 'எந்த நாள்லேர்ந்து' என்றால் 'சின்ஸ்', 'எவ்வளவு காலமா' என்றால் 'ஃபார்' என்று சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாவது டவுட்டில் காபி வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை, அது ஆறியதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

டிரங்குப் பெட்டி

பரீட்சைக்கு முன்பே கல்யாணம் ஆயிற்று. பரீட்சையும் பாஸ் ஆயிற்று. ஆனால் 'டிட் நாட் வென்ட்' அவரை விட்டுப் போகவே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ் வரும், இங்கிலீஷ் வந்தால் அது வரும். நான் திருத்துவேன். கோபம் போய்விடும்.

நஞ்சன்கூட்டுக்குக் குடித்தனம் போன முதல் வாரம், டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் சிவப்பு நாடா கட்டிய ஃபைல். அப்பா யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். அட்டைமேல் 'ஞானம் — வரன் விஷயம்' என்பதற்குக் கீழே 'முடிந்தது' என்று எழுதித் தேதி போட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு பக்க லெட்டரின் நகலைப் படித்துச் சிரித்தார். அடுத்து, தசரா லெட்டரின் நகலை எடுத்தார். படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். திரும்பி வந்த என் அசலையும் ஃபைலில் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு இடம், இரண்டாவது இடம், மூன்றாவது இடம்.

"ஞானம், இங்க வாயேன்."

போய்ப் பார்த்தேன். அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. 'ஐ ஸா' என்று இருந்தது. 'டிட் நாட் கோ' என்று இருந்தது. 'வென் யூ கம்' என்று இருந்தது. அடித்தல் திருத்தல் கிடையாது. எடுக்கும்போதே அப்படித்தான் எடுத்திருக்கிறார்.

மூன்று தப்பு போதும் என்று கணக்குச் சொன்ன மனுஷர். நகல்னா நகல் என்றவர். பெண் போட்ட தப்பைத் தன் கையால் எழுத அவருக்கு மனசு வரவில்லை.

நான் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல மாமா தப்பா எடுத்த நகல் இது ஒண்ணுதான் போலிருக்கு" என்றார்.